காத்தாயியின் முட்டுச்சந்து

அந்தக் காலத்தில் மனிதர் வயிற்றுக்குச் சத்தம் கிடையாது. காக்கை பேசியது, கல் பேசியது, அடுப்பில் வெந்த கம்புகூட "போதும், இறக்கு" என்று சொல்லிற்று. கண்ணுக்கே தெரியாத சிற்றுயிர்கள்கூட ஊர்க்கதை பேசிக்கொண்டு திரிந்தன. வயிறு மட்டும் ஊமை. பசித்தாலும் இரையாது, தின்றாலும் இரையாது. வாயைத் திறக்கக் கூடாது என்று உள்ளே ஒரு சட்டம் இருந்தது. அந்தச் சட்டத்தைப் போட்டவள் பெயர் காத்தாயி.

எண்சாண் உடம்புக்குத் தலையே பிரதானம் என்று சொன்னவன், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுத்தான் சொல்லியிருப்பான். பட்டினி கிடந்தவனைக் கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும். போகட்டும், அவனோடு நமக்கென்ன சண்டை. கதையைக் கேளுங்கள்.

கரிசல் காட்டு ஓரத்தில் ஒச்சாயி என்று ஒருத்தி ஆடு மேய்த்துப் பிழைத்தாள். அவளுக்கு ஒரே மகள். அரியநாச்சி என்று பெயர், ஏழு வயது. இந்த நாச்சியின் குடல்தான் காத்தாயியின் ஊர். குடலின் சுவருக்குப் பின்னால் காவல் ஜனம் குடியிருந்தது. சுவருக்கு முன்னால், சோறு போகிற தெருவில், சின்ன ஜனம் குடியிருந்தது. சின்ன ஜனம் என்றால் அப்படியொரு சின்னது. கடுகை ஆயிரம் கூறு போட்டால் ஒரு கூறு அளவுகூட வராது. நாச்சி பிறந்த அன்று தாய்ப்பாலோடு சேர்ந்து வந்து இறங்கியவர்கள். அவர்களுக்குத் தலைவி புளிச்சி. அதனால் அவர்களைப் புளிச்சி வகையறா என்று சொல்வார்கள்.

காவல் ஜனத்தில் ஒருத்தியான காத்தாயியின் வேலை என்ன தெரியுமா? சுவரின் சந்துகளில் கையை நீட்டி, தெருவில் போகிற வருகிறதையெல்லாம் தொட்டுப் பார்ப்பது. இது சோறு, விடு. இது கல், தள்ளு. இது அயலான், அடி. கண்ணால் அவள் எதையும் பார்த்ததில்லை. எல்லாம் கைதான். சுவரோ ஒற்றைச் சுவர், வெங்காயத் தோல் மாதிரி. அதை நினைத்தாலே அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். அந்தப் பக்கம் இத்தனை லட்சம் பேர் இருக்கிறார்களே, ஒருநாள் எல்லாரும் சேர்ந்து சுவரைத் தள்ளிவிட்டால் என்ன ஆவது? தூங்கவே மாட்டாள். கையை நீட்டுவாள், தடவுவாள், இழுப்பாள், மறுபடியும் நீட்டுவாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவளுக்குக் கண்ணே தேவைப்படவில்லை, கையிலேயே பேய் தட்டுப்பட்டது.

ஒருநாள் அவள் புளிச்சியைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"இந்தா பாரு. உங்க சலசலப்பு எனக்கு ஆகலை. சத்தம் கேட்டாலே கைகால் வெடவெடங்குது. இன்னையிலேருந்து ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது. சுவரையும் தொடக் கூடாது."

"ஆத்தா, ஒரு ஆபத்து வந்தா நாங்க எப்படிச் சொல்றது?"

"உங்களை விடவா ஒரு ஆபத்து வரப்போகுது? உக்காந்து தின்னுட்டு, பேச்சு வேற!"

புளிச்சி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத்தான் கூடாது என்றாகிவிட்டதே. வெளியே யார் காதுக்கும் எட்டாத அந்தச் சலசலப்பும் நின்று, வயிறு அன்றைக்கு முழு ஊமையானது.

உக்காந்து தின்கிறார்கள் என்று காத்தாயி சொன்னாளே, அது பெரிய பழி. நாச்சி கம்பங்கூழ் குடிப்பாள். கூழின் மாவு நாச்சியின் உடம்பில் சேர்ந்துவிடும். தவிடு அப்படியே கீழே வரும். அந்தத் தவிட்டைச் சின்ன ஜனம் ஊறப்போட்டு, புளிக்கவைத்து, அதிலிருந்து நெய் எடுப்பார்கள். தவிட்டில் நெய்யா என்று சிரிக்காதீர்கள், கதையில் இருந்தது. அந்த நெய்யைச் சுவரோரம் ஒழுக விடுவார்கள். சுவர் அதைக் குடித்துத்தான் உயிரோடு நின்றது. சுவருக்குப் பின்னால் இருந்த காவல் ஜனமும் அந்த நெய் மணத்தில்தான் கொஞ்சமாவது நிதானமாக இருந்தார்கள். ஆனால் காவல் ஜனம் அந்தப் பக்கம் போனதே இல்லையா, நெய் கூழிலேயே இருக்கிறது, தானாகக் கசிகிறது என்று நினைத்துக்கொண்டார்கள். ஒரு கை நெய் வைக்கிறது என்பதே அவர்களுக்குத் தெரியாது.

அந்த வருஷம் சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. நாச்சி ஆட்டோடு போன இடத்தில் வற்றிக் கலங்கலாகக் கிடந்த குளத்தில் குனிந்து இரண்டு கை தண்ணீர் குடித்தாள். பாவம், பிள்ளைக்குத் தாகம். அந்தத் தண்ணீரோடு ஒரு கூட்டம் உள்ளே இறங்கியது.

அது குடலுக்குள் வந்து உட்கார இடம் தேடியது. இடமே இல்லை. புளிச்சி வகையறா தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். வந்தவர்கள் இடித்தார்கள், கடித்தார்கள், விஷத்தைத் துப்பினார்கள். நம் ஆட்கள் அசையவில்லை. ஆனால் எத்தனை நேரம் தாங்க முடியும்? காவலுக்குச் சொல்லியாக வேண்டும் என்று புளிச்சிக்குத் தெரிந்தது. சத்தம் போடக் கூடாது. சட்டம். அதனால் தன் ஆட்களில் பாதிப் பேரிடம் சைகை காட்டினாள்: சுவரில் போய்க் கை வையுங்கள், காத்தாயிக்குச் சேதி தெரியட்டும்.

இது எதுவும் காத்தாயிக்குத் தெரியாது. நட்டநடுப் பகலில், ஓசை இல்லாமல், ஒரே நேரத்தில், சுவர் முழுக்க லட்சம் கைகள் பதிந்தன. அவளுக்கு அது மட்டும்தான் தெரிந்தது.

வயிற்றில் புளியைக் கரைத்தது என்று சொல்வோமே, அவள் இருந்ததே வயிற்றில்தான், இருந்தாலும் அவளுக்கும் கரைத்தது. 'ஐயோ, வந்துட்டாங்க. சுவரைத் தள்ள வந்துட்டாங்க. நான் பயந்த நாள் இதுதான்.' யோசிக்கவில்லை. தொட்டுப் பார்க்கக்கூட இல்லை. காலம் முழுக்கத் தொட்டுப் பார்த்தவள், பார்க்க வேண்டிய அன்று பார்க்கவில்லை. சங்கை எடுத்து ஊதிவிட்டாள்.

சங்கு கேட்டதும் அவள் அண்ணன் மூக்கையன் வந்தான். காவல் ஜனத்தின் படைத்தலைவன் அவன். நல்லவன்தான், ஆனால் முன்கோபி. அவன் கையில் எப்போதும் தீப்பந்தம் இருக்கும்.

"எங்கடி?"

"சுவரெல்லாம் அண்ணே! எல்லாப் பக்கமும்!"

மூக்கையன் தீயை வைத்தான். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை என்று கேட்டிருப்பீர்கள். இங்கே எலியும் இல்லை, எச்சரிக்க வந்த வீட்டு ஆளையே கொளுத்தினார்கள். சுவர் சிவந்து வீங்கியது. சுவரில் கை வைத்திருந்த சின்ன ஜனம் கை வைத்தபடியே கருகியது. வெளியே நாச்சிக்குக் காய்ச்சல் ஏறியது. ஒச்சாயியின் குரல் உள்ளே வரை கேட்டது.

"ஏத்தா நாச்சி, உடம்பு அனலாக் கொதிக்குதே! என் சாமி, என்ன செய்வேன்?"

அந்தக் குரலைக் கேட்டதும் காத்தாயிக்குச் சுரீரென்றது. அப்போதுதான் சந்தில் கையை விட்டுத் தடவினாள். ஒரு சின்ன உடம்பு கையில் அகப்பட்டது. பாதி வெந்திருந்தது. புளிச்சி.

புளிச்சி அன்றைக்குச் சட்டத்தை மீறினாள்.

"ஆத்தா, நாங்கதான்! நாங்கதான் ஆத்தா! குளத்துக் கூட்டம் உள்ள வந்திருக்கு. உனக்குச் சேதி சொல்லத்தான் கை வச்சோம்."

"அப்போ ஏன்டி சத்தமில்லாம வந்தீங்க?"

"நீதானே வாயைத் திறக்காதேன்னே."

காத்தாயி புளிச்சியை விட்டுவிட்டு இன்னும் தூரம் கையை நீட்டிப் பார்த்தாள். சின்ன ஜனம் வெந்து விழுந்த இடத்திலெல்லாம் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். கையில் முள் குத்தியது, விஷம் எரிந்தது. இதுதான் அயலான். இத்தனை நாள் இவனுக்கு இடம் கொடுக்காமல் இருந்தவர்களை அவளே அடித்து எழுப்பி, இடத்தைக் காலி செய்து கொடுத்திருக்கிறாள். தலையில் அடித்துக்கொண்டாள். அடித்துக்கொண்டால் ஆயிற்றா?

மூக்கையனிடம் ஓடினாள்.

"அண்ணே, நிறுத்து! தப்பு நடந்துபோச்சு. அங்க இருக்கிறதுல பாதி நம்ம ஆளுங்க."

"நம்ம ஆளா? சுவருக்கு அந்தப் பக்கம் நமக்கு யாருடி ஆளு? தீ பத்தலை. மடையைத் திறக்கச் சொல்லிட்டேன். சுவரெல்லாம் தண்ணி விட்டு மொத்தத்தையும் அடிச்சுத் தள்ளிடுவோம். ஒருத்தன் மிஞ்ச மாட்டான்."

"நாச்சி தாங்குவாளா?"

"தாங்கணும். நீ போ. அந்தப் பக்கத்து ஆளை எவனாவது ஒளிச்சு வச்சான்னு தெரிஞ்சா, அவனும் அயலான்தான். தங்கச்சின்னு பார்க்க மாட்டேன்."

அவன் சொன்னால் செய்வான். காத்தாயிக்கு அது தெரியும். மடையைத் திறக்கிற ஓசை மேலே கேட்க ஆரம்பித்தது. பேசாமல் இருந்துவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? சங்கு ஊதியவள் கடமையைச் செய்தாள் என்றுதான் ஊர் சொல்லும். ஆனால் கையில் அந்தச் சின்ன உடம்பின் சூடு இன்னும் ஆறவில்லை.

சின்னக் குடலும் பெருங்குடலும் சேர்கிற இடத்தில் ஒரு மூலை இருந்தது. காத்தாயி முதல்முறையாகச் சுவரின் சந்துக்குள் நுழைந்து தெருப்பக்கம் வந்து, அங்கே ஓடினாள். சுவரில் முதுகை வைத்து வெளிப்பக்கமாகத் தள்ளினாள். சுவர் பிதுங்கி, ஒரு விரல் நீளத்துக்கு ஒரு சந்து உண்டானது. போக வழி உண்டு, வெளியேற வழியில்லை. முட்டுச்சந்து. கைக்கு எட்டிய சின்ன ஜனத்தை அள்ளினாள். ஒரு பிடிதான் கிடைத்தது. அதில் புளிச்சியும் இருந்தாள்.

"ஆத்தா, எங்களைக் கொல்லப் போறியா?"

"வாயை மூடு. இல்லை, மூடாதே! எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலை. உள்ள போ."

சந்துக்குள் தள்ளிவிட்டு, வாசலை முதுகால் அடைத்து நின்றாள். வெள்ளம் வந்தது.

மூன்று நாள் வெள்ளம். வெளியே ஒச்சாயி உப்புப் போட்ட கஞ்சித் தண்ணியைப் பால் புகட்டுகிற சங்கில் அள்ளி அள்ளி ஊற்றினாள், ஊற்ற ஊற்ற வெளியே போயிற்று. குளத்துக் கூட்டம் போயிற்று. மிச்சம் மீதி இருந்த புளிச்சி வகையறாவும் போயிற்று. நான்காம் நாள் தெரு துடைத்து வைத்ததுபோல் இருந்தது. மூக்கையன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தான். காத்தாயி மட்டும் அந்த மூலையை விட்டு நகரவில்லை. "காவல் காக்கிறேன்" என்றாள். பொய்யில்லை.

வெள்ளம் வடிந்தது, ஆனால் நாச்சி எழுந்திருக்கவில்லை. கூழ் குடித்தாள். குடித்த கூழின் தவிடு குடித்தபடியே போயிற்று. நெய் வரவில்லை. சுவர் பசியில் மெலிந்தது. காவல் ஜனத்துக்கு நிதானம் போயிற்று. கூழ் வந்தாலும் அடித்தார்கள், பால் வந்தாலும் அடித்தார்கள், ஒருவர்மேல் ஒருவர் பாய்ந்தார்கள். எதிரி இல்லாத ஊரில் தினமும் சங்கு ஊதிற்று. ஒச்சாயியின் குரல் நாளுக்கு நாள் சன்னமானது.

"தின்னது ஒட்டலையே, தாயி. எலும்பா இருக்கியே."

ஒருநாள் நாச்சியின் பதில் குரலே கேட்கவில்லை.

காத்தாயிக்கு ஒரு நிமிஷம்கூட இருப்புக்கொள்ளவில்லை. சந்தைத் திறந்தால் மூக்கையன் இவர்களையும் கொல்வான், தன்னையும் கொல்வான். திறந்து என்ன ஆகப்போகிறது என்றும் தெரியவில்லை. இந்தக் கையளவு பேரால் என்ன முடியும்? அவள் முதுகு அனல் சுவரைத் தள்ளியதில் வெந்து, வெள்ளத்தில் ஊறி, புண்ணாகிக் கிடந்தது. அந்தப் புண்ணில் திடீரென்று ஏதோ குளிர்ச்சியாகப் பட்டது. கையை விட்டுத் தொட்டுப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த வழுவழுப்பு, தெரிந்த மணம்.

"புளிச்சி, என்னது இது?"

"சந்துல கொஞ்சம் தவிடு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு ஆத்தா. நெய் எடுத்தோம். உன் முதுகு ரணமா இருக்கேன்னு தடவினோம்."

"இது சுவரோட நெய்யாச்சே. உங்க கைக்கு எப்படி வந்தது?"

"எங்க கையிலேருந்துதானே சுவருக்கே போச்சு."

காத்தாயி அழுதாள். வாய்விட்டு அழுதாள். இத்தனை காலம் யாருடைய நெய்யை நுகர்ந்துகொண்டு யாரைப் பார்த்துப் பயந்தோம் என்று நினைக்க நினைக்க அவமானமாக இருந்தது. அழுது முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தானே சங்கை எடுத்து ஊதினாள்.

மூக்கையன் வந்தான். அவன் பின்னால் காவல் ஜனம் முழுதும் வந்தது. எல்லார் கையும் ஓங்கியபடியே இருந்தது.

"அண்ணே, நான் ஒளிச்சு வச்சிருக்கேன். இந்தச் சந்துக்குள்ள இருக்காங்க. என்னை அடிக்கணும்னா அடி. அதுக்கு முன்னால கையை நீட்டு."

"என்னடி சொல்றே? நீயா?"

"கையை நீட்டுண்ணே!"

அவள் அப்படி அதட்டி அவன் கேட்டதே இல்லை. திகைத்துப்போய்க் கையை நீட்டினான். முதுகில் இருந்த நெய்யை வழித்து அவன் உள்ளங்கையில் தடவினாள். மூக்கையன் மோந்து பார்த்தான். பத்து நாளாக அவன் அந்த மணத்தை முகரவில்லை. பந்தம் தாழ்ந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"எங்கேருந்து?"

"நீ கொளுத்தின கையிலேருந்து. நான் கொளுத்தச் சொன்ன கையிலேருந்து."

உள்ளங்கையை இன்னொரு தரம் மோந்து பார்த்தான். பிறகு மூக்கையன் சொன்னான்.

"சரி, திறந்துவிடு. ஆனா எனக்கு ஒண்ணு சொல்லு. நாளைக்கு இவங்க சுவர்ப் பக்கம் வந்தா, என் ஆளுங்க என்ன செய்வாங்க? எல்லாருக்கும் கை நடுங்குது பாரு. எனக்கும்தான் நடுங்குது. இந்தப் பயம் போகாது தங்கச்சி."

"போகாது. எனக்கும் போகாதுண்ணே. அவங்க பேசிக்கிட்டே இருக்கட்டும். வாயை அடைச்சது நான்தான். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னேன்னு சொல்லுவாங்களே. இந்தக் கடுகுக் கூட்டத்துக்கும் ஒரு மணி இருக்கட்டும்."

மூக்கையன் யோசித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னான். சுவர் இனிமேல் தன்மேல் வழுவழுவென்று கோழையைப் பூசி ஒரு வேலி போட்டுக்கொள்ள வேண்டும், சின்ன ஜனம் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும். புதிதாகப் பிறக்கிற காவல் பிள்ளைகள் இந்தச் சந்துக்கு வந்து, புளிச்சி வகையறாவின் கையைத் தொட்டுப் பழக வேண்டும். காத்தாயி மட்டும் இந்த வாசலை விட்டு நகரக் கூடாது. எதிரிக்கு ஒளிவிடம் கொடுத்ததற்கு அது தண்டனை. இன்னொரு வெள்ளம் வந்தால் விதை மிஞ்ச வேண்டும் என்பதற்கு அதுவே காவல்.

"புளிச்சி, வெளிய வா" என்றாள் காத்தாயி.

ஒரு பிடி ஜனம் வெளியே வந்தது. காலியான தெருவில், பசித்த சுவரோரமாக, அவர்கள் நடக்க வேண்டும். சுவருக்குப் பின்னால் ஆயிரம் கைகள் ஓங்கி நின்றன. ஒரு கை தவறி விழுந்தாலும் தீ. தீ விழுந்தால் நாச்சி இல்லை. காத்தாயி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். புளிச்சி ஓர் அடி வைத்தாள். சுவருக்குப் பின்னால் ஒரு கை ஆடியது.

"ஆத்தா, நாங்கதான்!" என்று கத்தினாள் புளிச்சி. "நாங்கதான்! தவிட்டுக்குப் போறோம்! இதோ முக்குல திரும்பறோம்! நாங்கதான் ஆத்தா!"

மொத்தப் பேரும் சேர்ந்து கத்தினார்கள். இரைந்துகொண்டே போனார்கள். ஓங்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

வெளியே மகளை மடியில் போட்டு உட்கார்ந்திருந்த ஒச்சாயிக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாச்சியின் வயிற்றுக்குள் கடமுடவென்று ஒரு சத்தம். உலகத்தில் யாரும் அதுவரை கேட்காத சத்தம். குலை நடுங்கிப்போய் வயிற்றில் காதை வைத்தாள். மறுபடியும் கேட்டது. போகிற உயிரின் சத்தமோ என்று நினைத்து அவள் வாய்விட்டு அலறப் போனாள்.

நாச்சி கண்ணைத் திறந்தாள்.

"அம்மா, பசிக்குது."

அன்று முதல்தான் மனிதர் வயிறு கடமுடவென்று இரைகிறது. அன்று முதல்தான் குடலின் மூலையில் விரல் நீளத்துக்கு ஒரு முட்டுச்சந்தும் இருக்கிறது, குடல்வால் என்று அதைச் சொல்கிறார்கள். நாலு பேர் நடுவில் உங்கள் வயிறு சத்தம் போட்டால் வெட்கப்பட்டுக் கையால் அமுக்காதீர்கள். அந்த வாசலில் நிற்கிறவளுக்குப் பயம் இன்னும் போகவில்லை, அதனால்தான் புளிச்சி வகையறா "நாங்கதான் ஆத்தா" என்று குரல் கொடுத்துக்கொண்டே போகிறார்கள்.